சிவப்பு முதலில் எரிய வேண்டும்: ஒரு ஹெட் டார்ச், எட்டு மாதம் கழித்து

நீலகிரியில் ஹெட் டார்ச் இல்லாத வீடு குறைவு. விடியுமுன் கேரட் பிடுங்கப் போகிறவர்கள், எஸ்டேட் வாட்ச்மேன்கள், கடைசி பஸ்ஸில் இறங்கி கரடி நடமாடும் பாதையில் வீட்டுக்கு நடக்கிறவர்கள் என்று பாதிப் பேர் தலையில் ஒன்று மாட்டியிருக்கும். கடைக்காரரிடம் அவர்கள் கேட்பது எவ்வளவு தூரம் அடிக்கும், சார்ஜ் எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதுதான். நான் கேட்ட கேள்விக்குக் கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "பட்டனை அமுக்கினா முதல்ல எந்த கலர் எரியும்?"

ஊட்டியில் ஒரு ஆய்வகத்தின் அனிமல் ஹவுஸில் எனக்கு வேலை. எலிக்குத் தீனி, தண்ணீர், உமி மாற்றுவது, எடை போடுவது, ஸ்காலர்கள் ஊசி போடும்போது கை நடுங்காமல் பிடித்துக்கொள்வது. நான் படித்தது பி.எஸ்ஸி. விலங்கியல். மீதியெல்லாம் காதில் விழுந்தது. இரண்டு வருடமாக ஒரு ஸ்காலர் பெண், அதாவது ஆராய்ச்சி மாணவி, விழித்திரையில் வேலை செய்கிறார். நல்ல எலிக்கு ஒரு ரசாயனத்தை ஊசியில் ஏற்றி, அதன் விழித்திரையைச் சிதைத்து, மனிதருக்குப் பரம்பரையாக வந்து விழித்திரையை மெல்ல மெல்லச் சிதைக்கிற ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற நோய் மாதிரி ஒரு நிலையை உண்டாக்கி, அப்புறம் அதற்கு ஏதாவது மருந்து கேட்கிறதா என்று பார்க்கிற வேலை. கேட்கவே ஒரு மாதிரி இருக்கும், தெரியும். எத்தனை எலி, எதற்கு, எப்படி முடிப்பது என்று எத்திக்ஸ் கமிட்டி எண்ணி எழுதிக் கொடுத்த பிறகுதான் ஒரு கூண்டையே திறப்போம்.

அந்த எலிக்குப் பார்வை எவ்வளவு மிச்சம் என்று அளக்க ஈ.ஆர்.ஜி. என்று ஒரு சோதனை. இதயத்துக்கு ஈ.சி.ஜி. எடுப்பதுபோல் கண்ணுக்கு. எலியை ராத்திரி முழுக்கக் கும்மிருட்டில் வைத்து, காலையில் அதே இருட்டில் மயக்கம் கொடுத்து, கருவிழிமேல் ஒரு மெல்லிய கம்பி வளையத்தைத் தொட வைத்து, கண நேர ஒளியைக் கண்ணில் அடிப்பார்கள். விழித்திரை பதில் சொல்லும். முதலில் கீழ்நோக்கி ஒரு குழி, அது ஒளியை வாங்கும் செல்களின் பதில், பெயர் ஏ-அலை. அப்புறம் மேல்நோக்கி ஒரு மேடு, அது அடுத்த அடுக்கின் பதில், பெயர் பி-அலை. நல்ல எலிக்கு அந்த மேடு பல நூறு மைக்ரோவோல்ட் எழும்பும்.

இவ்வளவும் இருட்டில் நடக்க வேண்டும், ஆனால் எங்களுக்குக் கண் தெரிய வேண்டும். அதற்குத்தான் சிவப்பு. எலியின் கண்ணில் பெரும்பாலும் இருட்டில் பார்க்கும் கோல் செல்கள். அவை நன்றாக வாங்குவது 500 நானோமீட்டர் பக்கத்தில் இருக்கும் நீலப்பச்சையை. நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் கொஞ்சம் உண்டு, ஒரு வகை புற ஊதாவுக்கு, இன்னொரு வகை பச்சைக்கு. நமக்கு இருப்பதுபோல் சிவப்புக்கென்று தனியாக ஒன்று கிடையாது. ஆகவே மங்கலான சிவப்பு நமக்கு வெளிச்சம், எலிக்குக் கிட்டத்தட்ட இருட்டு. கிட்டத்தட்டத்தான். சிவப்பு எலிக்குத் தெரியவே தெரியாது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள், அது சரியில்லை. பலமான சிவப்பை முகத்துக்கு நேராக அடித்தால் கோல் செல்லும் விழித்துக்கொள்ளும். மங்கலாக, தள்ளி நின்று, மேசையைப் பார்த்து அடிக்க வேண்டும்.

முதலில் வாங்கிய டார்ச்சின் பெயரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுதான். பெட்டியில் "ரெட் மோடு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இருந்ததும் உண்மை. ஆனால் ஒரே பட்டன். ஒரு அழுத்து, பளீரென்று வெள்ளை. இரண்டாவது, நடுத்தர வெள்ளை. மூன்றாவது, மின்னுகிற வெள்ளை. நாலாவதாகத்தான் சிவப்பு. வெளியே வராந்தாவில் சிவப்பில் வைத்து, அணைக்காமலே தலையில் மாட்டிக்கொண்டு உள்ளே போவேன். ஒரு மாதம் இப்படி ஓடியது. ஒரு விடியற்காலை உள்ளே நிற்கும்போது சார்ஜ் குறைந்து விளக்கு தானாக அணைந்தது. பழக்க தோஷம், கை பட்டனுக்குப் போனது. ஆறு எலி மூஞ்சியிலும் வெள்ளை வெளிச்சம்.

அந்தப் பெண் கத்தவில்லை. நோட்டை எடுத்து "5.40, லைட் லீக்" என்று எழுதி அடியில் கோடு போட்டார். அதைவிடக் கத்தியிருக்கலாம்.

ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்றால், அன்று ஏழாம் நாள். அவர் பயன்படுத்துவது என்-மெத்தில்-என்-நைட்ரசோயூரியா, எங்கள் பேச்சில் எம்.என்.யூ. அது ஒளி வாங்கும் செல்களின் டி.என்.ஏ.வில் போய் ஒட்டிக் கெடுக்கிறது. கெட்ட செல் தன்னைத்தானே முடித்துக்கொள்கிறது. ஒரே ஊசி, வயிற்றில், எடைக்கு ஏற்ற அளவு. மூன்றாம் நாளே அடுக்கு மெலிய ஆரம்பித்து, ஒரு வாரத்தில் அந்த அடுக்கே ஏறக்குறைய இருக்காது. ஏழாம் நாள் கணக்கை எட்டாம் நாள் எடுத்தால் அது எட்டாம் நாள் கணக்கு. வெள்ளை வெளிச்சம் எவ்வளவு கெடுத்தது என்று அளக்கவும் வழியில்லை. ஆறு எலி வீண். நாங்கள் ஆறு எலி வீண் என்று சொல்வதன் கனம் அனிமல் ஹவுஸில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று, எம்.என்.யூ. புற்றுநோய் வரவைக்கிற சரக்கு. பெண் எலிகளுக்கு மார்பில் கட்டி உண்டாக்கிப் படிக்கவும் அதையே பயன்படுத்துகிறார்கள். ஊசி போட்ட எலியின் உமியைக்கூடத் தனிப் பையில் கட்டித் தனியாகத்தான் அழிக்க வேண்டும். ஆகவே அந்த அறையில் எனக்குக் கையுறை இரண்டு அடுக்கு. இரண்டு அடுக்கு ரப்பரோடு தடவி எந்தப் பட்டன் என்று தெரிய வேண்டும். டார்ச் விமர்சனம் எழுதுகிற யாரும் இதைச் சோதித்துப் பார்ப்பதில்லை.

இடையில் கண்ணாடித்தாள் வைத்தியமும் பார்த்தேன். மார்க்கெட்டில் சிவப்புக் கண்ணாடித்தாள் வாங்கி நாலு மடிப்பாக மடித்து ரப்பர் பேண்டு போட்டேன். பார்க்கச் சிவப்புதான். பழைய சி.டி. ஒன்றை எடுத்து அதன் பளபள முதுகில் அந்த வெளிச்சத்தைப் பிரதிபலிக்க வைத்துப் பார்த்தபோது, சிவப்புப் பட்டைக்குப் பக்கத்தில் ஆரஞ்சும் ஒரு இழை பச்சையும் எட்டிப் பார்த்தன. அந்தப் பச்சை போதும், கோல் செல்லை எழுப்ப. உண்மையான சிவப்பு எல்.இ.டி. என்றால் சி.டி.யில் ஒரே ஒரு பட்டைதான் விழும். டார்ச் வாங்கப் போகும்போது நான் இப்போது சி.டி. கொண்டுபோகிறேன். கடைக்காரர் பார்வைக்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, இப்போது இருக்கிற டார்ச்சுக்கு வருவோம். ஆன்லைனில் 1,249 ரூபாய். வெள்ளைக்குப் பெரிய பட்டன், சிவப்புக்குத் தனியாகச் சின்ன பட்டன். சிவப்பை அழுத்தினால் சிவப்பு மட்டும். சிவப்பிலிருந்து வெள்ளையைத் தொடாமலே அணைக்கலாம். சிவப்பில் இரண்டு அளவு, குறைந்த அளவே எங்களுக்குத் தாராளம். இந்த ஒரு காரணத்துக்காகவே மற்றக் குறைகளை மன்னித்துவிட்டேன். கை தவறினாலும் வம்பு வரக் கூடாதென்று வெள்ளை எல்.இ.டி. மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்று ஒட்டிவிட்டேன்.

குறைகள். பட்டை வியர்வையில் நாற ஆரம்பித்தது இரண்டாம் மாதம். ஊட்டியில் எங்கே வியர்வை என்று கேட்பீர்கள், முகக்கவசம், தொப்பி, கோட்டு எல்லாம் போட்டுக்கொண்டு ஜன்னல் அடைத்த இருட்டறையில் நின்று பாருங்கள். மயங்கிய எலிக்கு உடம்புச் சூடு குறைந்தால் அலை சுருங்கிவிடும் என்பதால் கீழே சூட்டு மெத்தை, பக்கத்தில் ஹீட்டர் வேறு. கெட்டமின், சைலசின் மயக்கத்தில் எலியின் லென்ஸ் பால் விட்டதுபோல் வெளுத்துவிடும். சூடும் ஈரமும் கொடுத்தால்தான் தள்ளிப்போடலாம், எழுந்த பிறகு தெளிந்துவிடும். அதனால் அறை எப்போதும் வெதுவெதுப்பு. வெளியே ஜனவரி உறைபனி. அந்தக் குளிரிலிருந்து டார்ச்சை உள்ளே கொண்டுவந்தால் கண்ணாடியில் ஆவி படிந்து பத்து நிமிடம் எல்லாம் மங்கல். பேட்டரியும் குளிரில் சீக்கிரம் இறங்குகிறது. சார்ஜ் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் விளக்கு பச்சை நிறம். சிவப்பு டார்ச்சில் பச்சை இண்டிகேட்டர் வைத்த புண்ணியவான் யாரோ. அதற்கும் டேப்.

டார்ச்சின் குறை இல்லை, ஆனால் சிவப்பில் வேலை செய்யப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று. எலிகளுக்கு நம்பர் போட எங்கள் பக்கத்து ஆய்வகங்களில் பிக்ரிக் அமிலம் தடவுவது வழக்கம். தலையில் தடவினால் ஒன்று, முதுகில் தடவினால் இரண்டு, இப்படி. வெள்ளை ரோமத்தில் மஞ்சள் கறை பளிச்சென்று தெரியும். சிவப்பு வெளிச்சத்தில் வெள்ளையும் சிவப்பு, மஞ்சளும் சிவப்பு. முதல் நாள் பார்த்தால் ஆறு எலியும் நம்பரே இல்லாத எலிகள்! சிவப்புப் பேனாவில் எழுதிய கூண்டு அட்டையும் வெற்று அட்டை. இப்போது வாலில் கறுப்பு மார்க்கரால் வளையம் போடுகிறோம்.

இதே டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து அறையில் வேறொரு குழுவின் எலிகளையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் போடுவது சோடியம் அயோடேட். அது நேராக ஒளி வாங்கும் செல்லிடம் போவதில்லை. அதற்குப் பின்னால் நிறமி அடுக்கு என்று ஒன்று இருக்கிறது, செல்களுக்குத் தீனி கொடுத்து, கழிவை அள்ளி, பராமரிக்கிற அடுக்கு. அயோடேட் முதலில் அதைச் சாகடிக்கிறது. கவனிக்க ஆள் இல்லாமல் ஒளி வாங்கும் செல்கள் அப்புறம் சாகின்றன. எம்.என்.யூ. கேரட்டைப் பிடுங்கிப் போடுகிறது என்றால், அயோடேட் மண்ணைக் கெடுக்கிறது. வயதானவர்களுக்கு வரும் மாக்குலா சிதைவில், அதாவது விழித்திரையின் நடுப்பகுதி கெடுவதில், கெடுவதும் அந்த மண்தான் என்பதால் அதற்கு மாதிரியாக அயோடேட் வைக்கிறார்கள். எலிக்கு மாக்குலாவே கிடையாது என்பது தனிக் கதை. வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி உப்பு பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள். அயோடின் உப்பில் சேர்ப்பதும் அயோடேட்தானே என்று. நியாயமான கேள்வி. அது பொட்டாசியம் அயோடேட், நம் கைக்கு வரும்போது கிலோவுக்கு 15 மில்லிகிராம் அயோடின் இருந்தால் போதும் என்கிற அளவு. உடம்பு எடைக்குக் கணக்குப் போட்டால், எலிக்கு ஏற்றுவது நாம் ஒரு நாளில் உப்பில் சாப்பிடுவதைப்போல் பல ஆயிரம் மடங்கு. உப்பைத் தூக்கிப் போடாதீர்கள், மலைக்காரர்களுக்கு அது வேண்டும்.

இப்போது அண்ணன் விஷயம். இந்த டார்ச்சை இரண்டாவதாகச் சோதித்தது அவன்.

எங்களுக்குக் கோத்தகிரி பக்கம். அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே மாலைக்கண் என்றார்கள். ஊரில் என்ன வைத்தியம்? ஆட்டு ஈரல், முருங்கைக்கீரை, மீன் எண்ணெய் மாத்திரை, அப்புறம் கேரட். கேரட் விளைகிற மலையில் பிறந்தவன், மூட்டைக் கணக்கில் தின்றான். வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண் என்றால் அதில் போயிருக்கும். போகவில்லை. இருபத்தாறு வயதில் கோயம்புத்தூர் கண் ஆஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்வி, "சொந்தத்துல கல்யாணமா?" ஆமாம், எங்கள் அம்மா அப்பாவின் சொந்த அக்கா மகள். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, உலகத்தில் ஏறக்குறைய நாலாயிரம் பேரில் ஒருவருக்கு. அன்று அவனுக்கும் ஈ.ஆர்.ஜி. எடுத்தார்கள். நான்தான் கூடப் போயிருந்தேன். திரையில் நேர்கோடு. அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை. பல வருடம் கழித்து, ஏழாம் நாள் எலியின் திரையில் அதே கோட்டைப் பார்த்தேன்.

அதனாலேயே இந்த ரசாயன மாதிரியைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. சாப்பாடு போடுகிறவனுக்கும் அபிப்பிராயம் இருக்கலாம். அதன் வசதி பெரிய வசதி. பிறவியிலேயே இந்தக் கோளாறுள்ள எலிகள் உண்டு. கோல் செல் இல்லாத சுண்டெலியைப் பற்றி 1924-லேயே கீலர் என்பவர் எழுதியிருக்கிறார். ஆர்.சி.எஸ். என்று ஒரு எலி வகைக்கு நிறமி அடுக்கு கழிவை அள்ளாது. ஆனால் அவற்றை வாங்க வேண்டும், வளர்க்க வேண்டும், குட்டி வளரக் காத்திருக்க வேண்டும். ரசாயனம் என்றால் திங்கட்கிழமை சாதாரண எலிக்கு ஊசி, அடுத்த திங்கட்கிழமை நேர்கோடு. தொடங்கிய நாள் கையில் இருக்கிறது. என் அண்ணனுக்கு அது என்று தொடங்கியது என்று அவனுக்கே தெரியாது.

குறையும் அங்கேயேதான் இருக்கிறது. அண்ணனுக்கு முப்பது வருடம் எடுத்ததை எலிக்கு ஏழு நாளில் முடிக்கிறோம். முடிவு ஒன்றுபோல் இருக்கலாம், காரணம் வேறு. அதைவிட எனக்கு உறுத்துவது, நான் பார்த்த பல சோதனைகளில் மூலிகைச் சாறோ மருந்தோ ரசாயனத்துக்கு முன்னால் கொடுக்கப்படுகிறது. ஒரு வாரம் சாறு, அப்புறம் விஷம், அப்புறம் "பாதுகாக்கிறது" என்ற முடிவு. வெள்ளம் வருமுன் மணல் மூட்டை அடுக்கினால் வீடு தப்பும்தான். சில நேரம் அந்தச் சாறு விழித்திரையைக் காப்பாற்றியதா, இல்லை விஷத்தின் வீரியத்தைத்தான் குறைத்ததா என்றுகூடப் பிரித்துச் சொல்ல முடியாது. எங்கள் ஸ்காலர் பெண் ஒரு குழுவுக்கு ஊசிக்குப் பிறகு மருந்து தொடங்குகிறார். அந்தக் குழுவில் முடிவு மங்கலாகத்தான் வருகிறது. மங்கலாக வந்தாலும் அதைத்தான் நான் நம்புகிறேன். "உங்க எலிக்குப் பார்வை வந்துச்சாடா?" என்று அண்ணன் கேட்கும்போது நான் சொல்வதும் அந்தக் குழுவைப் பற்றித்தான். ஆர்.பி.ஈ.65 என்ற ஒரே ஒரு மரபணுக் கோளாறுக்கு 2017-இல் அமெரிக்காவில் மரபணு சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. அப்போது வைத்த விலை இரண்டு கண்ணுக்கும் சேர்த்து எட்டரை லட்சம் டாலர். அதற்கு வழிகாட்டியது நாய்கள், பிறவியிலேயே அந்தக் கோளாறுள்ள நாய்கள். இதையும் அவனிடம் சொன்னேன். டாலரை ரூபாயாக மாற்றிப் பார்த்துவிட்டு டீ போடப் போய்விட்டான்.

சிவப்பை அவனுக்குப் போட்டுக் காட்டினேன். "இருட்டுல ஒரு செம்புள்ளி தெரியுது, அவ்வளவுதான். உன் எலிக்கு வாங்கினதை எனக்கு ஏண்டா மாட்டுற?" வெள்ளையில் வைத்ததும் கதை மாறியது. அவனுக்கு நடுவில் மட்டும் பார்வை, குழாய்க்குள் பார்ப்பதுபோல். கை டார்ச் என்றால் வெளிச்சம் ஒரு பக்கம், அவன் குழாய் ஒரு பக்கம். ஹெட் டார்ச் அவன் தலை திரும்பும் இடத்துக்கே வெளிச்சத்தைக் கொண்டுபோகிறது. குழாயும் வெளிச்சமும் ஒன்றாக நகர்கின்றன. போன வருடம் ரோட்டிலிருந்து வீட்டுக்கு வரும் தேயிலைப் பாதையில், கைக்கெட்டும் தூரத்தில் நின்ற காட்டு மாட்டைப் பார்க்காமலே தாண்டி வந்தவன் அவன். பின்னால் வந்த பையன்தான் பார்த்துவிட்டு உறைந்து நின்றான். இப்போது பத்து அடிக்கு ஒருமுறை தலையை இடம் வலம் ஆட்டிக்கொண்டே வருகிறான். கோயில் மாடு என்று கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும்.

ஆகவே அதே மாடலில் இன்னொன்று வாங்கினேன், இந்த முறை விலை 60 ரூபாய் கூடியிருந்தது. அவனுடையதில் வெள்ளைப் பட்டன் தடவினால் தெரிய வேண்டும் என்று பிளாஸ்திரி ஒரு துண்டு ஒட்டினேன். அதற்குப் பிறகு பெட்டிக்கடையை ஐந்தரைக்கு மூடிக்கொண்டிருந்தவன் ஏழு வரை வைத்திருக்கிறான்.

எலி வேலைக்கும் வீட்டுக்கும் சேர்த்து ஐந்துக்கு நாலு நட்சத்திரம். ஒன்று குறைத்தது அந்தப் பச்சை இண்டிகேட்டருக்கு. வாங்குகிறவர்கள் இரண்டையும் ஒரே ஆணியில் மாட்டாதீர்கள். போன மாதம் அவசரத்தில் நான் அவனுடையதை எடுத்துக்கொண்டு முதல் பஸ் ஏறிவிட்டேன். இருட்டறை வாசலில் கையுறைக்கு அடியில் பிளாஸ்திரி தட்டுப்பட்டதும்தான் தெரிந்தது, கையை எடுத்துவிட்டேன். வெளியே வந்து அதன் வெள்ளைக்கும் டேப் ஒட்டிவிட்டுத்தான் உள்ளே போனேன். அன்று அண்ணன் ஏழு மணிக்குக் கடையை மூடிவிட்டு ஆணியிலிருந்து எடுத்து வந்ததை, வெள்ளைக்கு டேப் ஒட்டிய என்னுடையதை, மாட்டி அழுத்தியிருக்கிறான், வெளிச்சம் வரவில்லை. சின்ன பட்டனை அழுத்தியதும் சிவப்பு மட்டும்தான் எரிந்திருக்கிறது. எட்டே கால் பஸ்ஸில் நான் இறங்கும்போது, மூடிய கடையின் பலகையில், நெற்றியில் அந்தச் செம்புள்ளியோடு உட்கார்ந்திருந்தான்.